வண்டுக்காரரின் மூக்கு

என் கணவர் மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்து கண்ணை மூடினார். அவரை எடுத்துக்கொண்டு போன மறுநாள் அந்த அறையில் மெத்தை மட்டும் மிஞ்சியது. வந்த சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று ஆறுதல் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அந்த அறைக்குள் நுழைய முடியவில்லை.

மேல்மாடியில் குடியிருந்த, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் இறங்கி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பி வந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்துக் கழுவினார். ஜன்னல் கம்பியைக்கூட விடவில்லை.

"உங்களுக்கு ஏண்ணே இந்த வேலையெல்லாம்?" என்று நான் அழுதேன்.

"எனக்கு மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்கா ஆச்சு தங்கச்சி. வாடை தெரிஞ்சவன் தூக்கினாத்தான் அதுக்குப் பேரு உதவி. எனக்கு இது வெறும் மெத்தை," என்றார்.

அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் கடவுளிடம் தினமும் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு வண்டுக்காரர் என்று பேர். குழந்தைகளுக்கு வண்டு மாமா. விலங்குகளின் எலும்புக்கூடுகளை நிறுத்திவைத்துக் காட்டும் பெரிய காட்சிசாலை ஒன்றில் அவருக்கு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் மானும் குரங்கும் வெள்ளை எலும்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிறோமே, அந்த எலும்பில் ஒட்டிய சதையை யார் எடுத்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கத்தியால் சுரண்டினால் எலும்பு கீறிப்போகுமாம். வேகவைத்தால் சின்ன எலும்பெல்லாம் கரைந்துவிடுமாம். அதனால் அந்த வேலையை வண்டுகளிடம் விட்டிருக்கிறார்கள். அடித்தளத்தில் இரண்டு கதவு வைத்த ஓர் அறை. உள்ளே தொட்டி மாதிரி ஒரு பெரிய தகரப் பெட்டி, மேலே வலை மூடி, சூட்டுக்கு ஒரு விளக்கு, அடியில் பஞ்சு. காயவைத்த உடலை அதற்குள் வைத்துவிட்டால் வண்டுகளும் அவற்றின் புழுக்களும் சதையை மட்டும் தின்றுவிட்டு எலும்பை அப்படியே விட்டுவிடும். அந்தப் பெட்டியை வளர்த்தவர் எங்கள் அண்ணன். அந்த அறையிலேயே இருந்து இருந்து அவருக்கு வாசனை என்பதே இல்லாமல் போயிற்று. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். ஆனாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே. அவர் தொழில் தெரிந்ததும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வாடை வந்துவிடும். அதனாலேயே வீடு மாறி மாறி அண்ணி ஓய்ந்துபோயிருந்தாள். எங்கள் கட்டடத்துக்கு வந்த அன்று, கடைசி மூட்டையை இறக்கியபோது, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இதுதான் கடைசி. இனிமே நான் ஒரு மூட்டைகூடக் கட்ட மாட்டேன். இந்த வீடும் போச்சுன்னா, நீங்க உங்க வண்டோட போங்க, நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்." அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. ஒன்று இவர்களுடையது. எதிர்வீட்டில் ஒரு கடிகாரக்காரர் தனியாக இருந்தார். கடையை மூடிவிட்டு, வீட்டிலேயே மேஜை போட்டுப் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். தூசு வந்தால் சக்கரம் நின்றுவிடும் என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டார். கதவுக்கு அடியில்கூட, இடுக்கு தெரியாமல், கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி ஆணி அடித்துவைத்திருந்தார். கதவைச் சாத்தினால் 'பொத்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவு இறுக்கம்.

இந்தப் பெரியவர் ஒருத்தருக்குத்தான் அண்ணன்மேல் வாடை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு பேரும் நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் தையல்காரி. அண்ணிக்குத் தைத்ததைக் கொடுக்க மேலே போனால், நானும் அந்தப் பேச்சில் சிக்கிக்கொள்வேன்.

ஒருநாள் அண்ணன் செத்த வண்டு ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரியவர் கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"டேய் வண்டு, இது வாயில கத்தரிக்கோல் வெச்சிருக்குடா!"

"கத்தரிக்கோல் இல்ல பெரியவரே, இடுக்கி. நம்ம தாடை மாதிரி மேலயும் கீழயும் அசையாது. ரெண்டு பக்கமும் இருந்து வந்து கடிக்கும். நரம்பு மாதிரி காஞ்சதைக்கூட நறுக்கிடும்."

"பக்கத்துல குட்டியா விரல் மாதிரி தொங்குதே?"

"அது ருசி பாக்குற விரலு. கடிக்கிறதுக்கு முன்னாடி தொட்டுத் தொட்டுப் பாக்கும். பிடிக்கலன்னா வாயே வைக்காது."

"என் மச்சான் மாதிரின்னு சொல்லு. தொட்டுப் பாத்துட்டுத் தட்டைத் தள்ளி வெச்சிடுவான்," என்றார் பெரியவர். பிறகு, "தலையில தீக்குச்சி முனை மாதிரி ரெண்டு இருக்கு?" என்றார்.

"அதுதான் மூக்கு. நுனி மட்டும் உருண்டையா இருக்கு பாருங்க, வாசனை பிடிக்கிறதெல்லாம் அங்கதான். காஞ்ச சதை எந்த மூலையில கிடந்தாலும் இது தேடி வந்துடும். கதவு, சுவரு எதுவும் கணக்கில்ல."

"உன்கிட்ட இல்லாத மூக்கு இதுகிட்ட இருக்கு. காட்சிசாலைக்காரனுங்க சம்பளத்தை இதுகிட்டக் குடுத்துட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பணும்."

"சாப்பிட்ட வாய் காயல, பேசுற பேச்சைப் பாரு," என்று அண்ணி உள்ளேயிருந்து கத்தினாள்.

எனக்கு அரிசிப் பானை ஞாபகம் வந்தது. "அரிசியில வர்ற வண்டுக்கு மூக்கு நீளமா இருக்கே அண்ணே?" என்று கேட்டேன்.

"அது மூக்கு இல்ல தங்கச்சி, வாயே அப்படி நீண்டு போயிருக்கு. பல்லு நுனியில இருக்கும். அரிசியில துளை போட்டு, முட்டையை உள்ள வெச்சு, மேல மூடிடும். வெளிய பாத்தா முழு அரிசி. தரையில குடுகுடுன்னு ஓடுதே கறுப்பு வண்டு, அதுக்கு வாய் அரிவாள் மாதிரி. அது வேட்டைக்காரன். சாணி உருட்டுறதுக்குக் கடிக்கிற பல்லே இல்ல, ஓரமெல்லாம் மெத்துன்னு இருக்கும். வடிகட்டிக் குடிக்கத்தான் லாயக்கு. வாயைக் காட்டு, அது வயித்துல என்ன இருக்குன்னு நான் சொல்றேன். இன்னொண்ணு இருக்கு, தலைக்கு முன்னாடி கொம்பு மாதிரி ரெண்டு தாடையை நீட்டிக்கிட்டுத் திரியும். பாத்தாலே பயமா இருக்கும். ஆனா அது மிரட்டுறதுக்குத்தான். தின்னுறது, மரத்துல வடியுற சாறை நக்கி."

"அப்போ அது நம்ம வீட்டுக்காரன்டா," என்றார் பெரியவர். அண்ணிகூட உள்ளே சிரித்துவிட்டாள். எங்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அந்த வீட்டுக்காரர் பெரிய மீசை வைத்தவர்.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை: "உங்க வண்டு உயிரோட இருக்குறதைத் தொடுமா அண்ணே?"

"தொடாது. ஈரமா இருந்தாலும் கிட்டப் போகாது. மத்ததெல்லாம் வந்து தின்னுட்டுப் போகணும். நல்லாக் காயணும். அப்புறம்தான் இது கடைசிப் பந்தியில வந்து உக்காரும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறுமைசாலி," என்றார்.

இது நடந்து கொஞ்ச நாளில், பெரியவர் தன் மகள் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். மகள் அவருக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இரண்டு பக்கமும் பேச்சில்லை. பேத்தி பிறந்ததையே யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டார்.

"போன் பண்ணிட்டுப் போங்களேன்," என்றாள் அண்ணி.

"பண்ணினா வராதேன்னு சொல்லிடுவா. சொல்லாம போய் வாசல்ல நின்னா என்ன பண்ணுவா? கதவைச் சாத்திடுவாளா?" என்றார். பேத்திக்கென்று சின்னதாக ஒரு கைக்கடிகாரம் சரிசெய்து வைத்திருந்தார். விடிகாலை வண்டிக்குப் போவதாகச் சொல்லி, முந்தின சாயங்காலமே எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டார். கீழே என் வாசலுக்கு இறங்கி வந்து என்னிடமும் சொன்னார். முகம் சவரம் செய்து, இளைஞன் மாதிரி இருந்தார்.

காலையில் கதவு சாத்தியிருந்தது. இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. வாசலில் செருப்பு இல்லை. போய்விட்டார் என்று நினைத்தோம். இருமல் சத்தமும் கடிகாரச் சத்தமும் இல்லாமல் மூன்றாம் மாடி வெறிச்சென்று ஆயிற்று. அண்ணன் மட்டும் அடிக்கடி, "இந்நேரம் பேத்தி மடியில ஏறி மீசையை இழுத்துக்கிட்டு இருக்கும்," என்று சொல்லிச் சந்தோஷப்படுவார்.

வெயில் காலம். காற்று என்பதே இல்லை. சில நாளில் படிக்கட்டில் ஒரு வாடை தொடங்கியது. முதலில் எலி செத்திருக்கும் என்றார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு யாரும் எதையும் திறந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மேலே போயிற்று. அண்ணன் வீட்டுக் கதவு எதிரே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஓடினார்கள். வாடை எந்தக் கதவிலிருந்து வருகிறது என்று நின்று முகர்ந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? வண்டுக்காரர் இருக்கும்போது வாடைக்கு வேறு காரணம் எதற்கு?

மாசம் ஒன்று ஆகியும் வாடை போகவில்லை. வீட்டுக்காரர் வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு கீழ்ப்படியிலேயே நின்று பேசினார். "நான் உங்களை ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு தடவை யாராவது என்கிட்டப் புகார்னு வந்தாங்க, மாசக் கடைசியில சாவியை வாங்கிக்குவேன். அவ்வளவுதான்."

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில்தான் அண்ணன் நடைவழியில் முதல் புழுவைப் பார்த்தார். பழுப்பாக, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த புழு. தினமும் பார்க்கிற புழு. தன் பெட்டியில் ஆயிரக்கணக்கில் நெளிகிற அதே புழு. தன் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்? வேறு யாராவது அதைப் பார்த்திருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள், கட்டடமே கூடியிருக்கும், மூலை முடுக்கெல்லாம் தேடியிருப்பார்கள். அவர் கூச்சல் போடவில்லை. தகரக் குப்பி ஒன்றில் அதை எடுத்துப் போட்டு, மூடி, சட்டைக்குள் மறைத்து வேலைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் விட்டுவிட்டார். கொன்றுபோட அவருக்கு மனசு வராது. அவை வேலைக்காரப் பூச்சிகள்.

மறுநாள் இரண்டு மூன்று. அதற்கடுத்த நாள் அதைவிட அதிகம். எல்லோரும் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, குனிந்து குனிந்து நடைவழியைச் சுத்தம் செய்தார். ஒரு நாளும் தவறவில்லை. நல்ல வேலைக்காரர்.

என்னிடம் தன் கால்சட்டைகளைக் கொண்டுவந்தார். "கீழ் மடிப்பையெல்லாம் வெட்டிடு தங்கச்சி. பையெல்லாம் மூடித் தைச்சிடு. சட்டைப் பையும் வேண்டாம்."

"பஸ்ஸுக்குக் காசு எங்கண்ணே வைப்பீங்க?"

"கையில வெச்சுக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "மடிப்புல ஏறி வருது போல. அவளுக்குத் தெரிஞ்சா முடிஞ்சது கதை."

தைத்துக் கொடுத்தேன். அவர் கை முழுக்கச் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவ்வளவு தேய்த்துக் குளித்திருக்கிறார்.

அன்றைக்கே அண்ணியும் என்னிடம் வந்து அழுதாள். "தினமும் வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, 'வாடை வருதா, உண்மையச் சொல்லு'ன்னு கேக்குறாரு. எப்படிச் சொல்லுவேன்? குடலைப் புரட்டுது. இல்லவே இல்லங்கன்னு சொல்லிட்டேன். குளிச்சுக் குளிச்சு அந்த மனுஷன் உடம்பு புண்ணாகிக் கிடக்கு. இன்னும் என்ன பண்ணச் சொல்லுவேன்?"

இப்படி, அவர் அவளிடமிருந்து புழுவை மறைத்தார். அவள் அவரிடமிருந்து வாடையை மறைத்தாள். இரண்டும் அன்பால் செய்ததுதான், கடவுளுக்குத் தெரியும். நடுவில் அந்தக் கதவு அப்படியே சாத்திக் கிடந்தது.

மடிப்பை வெட்டியும் புழு நிற்கவில்லை. ஒரு நாள் காலை, தகரக் குப்பியோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மூடியைத் திறந்து தாளில் கொட்டினார். நான் காலை மேலே தூக்கிக்கொண்டேன்.

"பயப்படாதே. ஒண்ணு பாரு. பசியோட இருக்குற புழு சும்மா நடக்காது. தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கும், வாய்க்கிட்ட இருக்குற விரலால தரையைத் தடவிக்கிட்டே போகும். இதுங்க எதையும் தேடல. நேரா சுவர் ஓரமாப் போகுது, எங்கயாவது பொந்து கிடைக்குமான்னு பாக்குது. தின்னு முடிச்ச புழுதான் இப்படிப் போகும். வண்டா மாறப் போகுது, ஒளிய இடம் வேணும். மரமா இருந்தாலும் துணியா இருந்தாலும் கடிச்சுத் துளைச்சுக்கிட்டுப் போகும். தின்னுறதுக்கு இல்ல, படுக்க."

"அதுக்கென்னண்ணே?"

"ஒவ்வொண்ணும் எப்படிக் கொழுத்திருக்கு பாரு. என் பெட்டியில பொரிஞ்சு இப்போ இருக்குறதெல்லாம் பொடிசு. போன தடவை முத்தினதெல்லாம் வண்டாயிடுச்சு." ஒன்றை விரலால் திருப்பிவிட்டார். "என் வீட்டுல இதுங்க தின்ன என்ன இருக்கு தங்கச்சி? அரிசி பருப்பை இது தொடாது. எங்க போய்த் தின்னுட்டு வருது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ, புரிய விடாமல் பிடித்துவைத்திருந்தார். "ஏதாவது பூனை கீனை சன்ஷேடுல செத்துக் கிடக்கும்," என்று அவரே சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த விடுமுறை நாள், நல்ல வெயில் ஏறிய நேரம். என் கதவை அவர் தட்டவில்லை, அறைந்தார். உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு வண்டு. நீலமும் பச்சையுமாக, காதில் போடுகிற கல் மாதிரி மின்னியது. கால் மட்டும் சிவப்பு.

"அழகா இருக்கே," என்றேன், அறியாமல்.

"இது என் பெட்டி இல்ல. என் பெட்டியில இது கிடையாது. இது ஈப்புழு தின்னுற ஜாதி. மாடு கீடு வெளிய செத்துக் கிடந்தா, ஈ மொய்ச்ச பிறகு வரும். என் அறையில ஈயே கிடையாது, ரெண்டு கதவு." உள்ளங்கையை மூடிக்கொண்டார். "மேல வாம்மா. எனக்காக ஒண்ணு செய்யணும்."

மேலே போனோம். அண்ணி சமையலறையில் இருந்தாள். நடைவழியில் நின்று அவர் என்னிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "எனக்கு மூக்கு இல்ல. நீ என் கதவுக்கிட்ட நின்னு மூச்சை இழு. அப்புறம் அந்தக் கதவுக்கிட்ட. எனக்காகப் பொய் சொல்லாதே. உன் சாமி மேல ஆணையா உண்மையச் சொல்லு."

அவர் கதவருகே நின்று மூச்சை இழுத்தேன். பினாயில் வாசனை, வெங்காயம் வதங்குகிற வாசனை. வாடை இருந்தது, ஆனால் முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பி எதிர்க்கதவுக்குப் போனேன். குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு அடியில் அந்தக் கம்பளிப் பட்டையில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. ஊசியால் குத்தினாற்போல அல்ல, அதைவிடப் பெரிசு. ஒரு துளையிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி, வெளியே வந்து, சுவர் ஓரமாக நடக்கத் தொடங்கியது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரு," என்றார் அண்ணன். "என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு." சின்னப் பிள்ளை மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு கதவில் கை வைத்து, மெதுவாக, "பெரியவரே," என்று கூப்பிட்டார்.

போலீஸ் வந்து பூட்டை உடைத்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பிரார்த்தனை சொன்னேன், வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. அண்ணன்தான் அவர்களோடு உள்ளே போனார். அந்த இன்ஸ்பெக்டரே வெளியே வந்து வாந்தி எடுத்தார். அண்ணன் வெளியே வர நேரமாயிற்று.

"நாற்காலியில உக்காந்திருக்காரு," என்றார் என்னிடம். "சட்டை மாத்திட்டாரு. செருப்பும் போட்டிருக்காரு. பெட்டி பக்கத்துல இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காந்திருப்பாரு போல."

படம் எடுத்து, எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்த பிறகு, அண்ணன் இன்ஸ்பெக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்டார். மகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள், அவள் வந்துகொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு பாக்குறப்போ இதுங்க ஒண்ணுகூட இருக்கக்கூடாது சார். எனக்கு இதுதான் தொழில். நான் பாத்துக்கறேன்." வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தச் சொன்னார். என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. மகள் வந்தபோது பெரியவரை வெள்ளைத் துணியில் மூடி, கைக்கடிகாரத்தை மேலே வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் அழவில்லை. "என்கிட்ட வர்றதுக்கா கிளம்பினாரு?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள். ஆமாம் என்று ஒவ்வொருத்தரும் சொன்னோம். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கட்டடத்தில் எல்லோரும் அண்ணனிடம் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். வீட்டுக்காரர் மீசை தொங்க நின்று, "நீங்க இருங்க, எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க," என்றார். அண்ணன் தலையாட்டினார். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் மனசு வேறு எங்கோ இருந்தது. அது எங்கே என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"தினமும் காலையில பொறுக்கினேனே தங்கச்சி, எல்லாத்தையும் கொண்டுபோய் என் பெட்டியிலதான் விட்டேன்," என்றார். "இப்போ எது என் வண்டு, எது அது, எனக்கே தெரியல. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு. மூடியைத் திறந்தா எல்லாம் மூக்கைத் தூக்கி என்னைப் பாக்குது. எப்பவும் போலத்தான் பாக்குது."

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

காட்சிசாலையில் பெரிய அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாராம். அவர் மறு பேச்சுப் பேசாமல், முழுப் பெட்டியையும் உறையவைக்கும் அறையில் வைக்கச் சொல்லிவிட்டாராம். பல வருஷம் வளர்த்த கூட்டம். உறைந்துபோனதும், அண்ணன் அதைக் குப்பையில் கொட்டவில்லை. காட்சிசாலைத் தோட்டத்தின் மூலையில் குழி தோண்டிப் புதைத்தார். "அதுங்க மேல தப்பில்ல," என்றார் என்னிடம். "அதுங்களுக்கு வாய் அப்படி, மூக்கு அப்படி. வாசனை வந்த பக்கம் போச்சு, அவ்வளவுதான். நாமதான் இத்தனை பேரு இருந்தும் போகல." பிறகு வேறு பெட்டி வைக்கச் சொன்னார்களாம். முடியாது என்று சொல்லி, வாசலில் சீட்டுக் கிழிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார்.

இனி மூட்டை கட்ட மாட்டேன் என்று சொன்னாளே அண்ணி, அவளே ஒரு நாள் காலையில் அடுக்களைப் பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போனபோது முகத்தைத் திருப்பாமல் பேசினாள். "அந்தக் கதவைப் பாத்துக்கிட்டு எனக்குச் சமைக்க முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாடை வருதுங்கன்னு நான் சொல்லியிருந்தா, அவரு அன்னைக்கே தேடியிருப்பாரு." பாத்திரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. அண்ணன் வந்து அதை எடுத்து மூட்டைக்குள் வைத்தார். "நான் கூடத்தான் புழுவைக் காட்டல உனக்கு," என்றார். ஒரு முனையை அவள் பிடித்தாள், இன்னொரு முனையை அவர் பிடித்து முடிச்சுப் போட்டார். தம்பி வீட்டுப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

சாமான் வண்டி வந்தது. தூரமான இடம். இனி அடிக்கடி பார்க்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். பார்க்கவும் இல்லை. அண்ணி வண்டிக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் என்னிடம் வந்தார். நான் தைத்து மூடிய பைகளோடு அதே கால்சட்டைதான் போட்டிருந்தார்.

"அங்க போயாவது நிம்மதியா இருங்கண்ணே. இனிமே வண்டு கிண்டுன்னு யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம். சொன்னாத்தான் மூக்கைப் பிடிப்பாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்ல தங்கச்சி. போன உடனே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி நானே சொல்லப் போறேன். எனக்கு மூக்கு கிடையாதுங்க, என் வீட்டுப் பக்கமிருந்து வாடை வந்தா என் முகத்துக்கு நேராச் சொல்லுங்க, உங்க வீட்டுப் பக்கம் சத்தம் நின்னா நான் வந்து தட்டுவேன், கோவிச்சுக்காதீங்கன்னு."